பாசிக்கு ஊற்றிய நல்லதண்ணீர்

கரிமூட்டத்தில் வேலை செய்பவனுக்குப் பேச்சு தேவையில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்துவிட்டால், அப்புறம் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதலில் புகை வெள்ளையாக, கெட்டியாக வரும். நாளாக நாளாக மெலியும். நீலம் தட்டிவிட்டால் உள்ளே விறகு கரியாகிவிட்டது என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல மூட்டங்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் சாயல்குடிப் பக்கத்து மானாவாரி ஊரில் பிறந்தவன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னாலே எனக்குக் கால் நடுங்கும். தெரியாததைக் கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம். அதனால் சின்ன வயதிலேயே ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதையும் யாரிடமும் கேட்பதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் ஒருநாள் பிடிபட்டுவிடும் என்று இருந்துவிட்டேன்.

தெரிந்துகொள்ளும் ஆசைக்கு மட்டும் குறைவில்லை. மூட்டத்தின் சூட்டை எறும்பு எத்தனை அடி தூரத்தில் உணர்ந்து திரும்புகிறது என்று குச்சி நட்டு அளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வராது. ஒருமுறை மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. வழி கேட்கக் கூசிக்கொண்டு, கையில் எக்ஸ்ரே உறை வைத்திருந்த ஒருவர் பின்னாலேயே நடந்தேன். நாலு தெரு தாண்டி அவர் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இதை வந்து என் மனைவியிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

மழை தொடர்ந்து ஏமாற்றிய ஒரு சமயத்தில், மண்டபம் பக்கம் கருவேலங்காடு அழிக்கும் வேலைக்கு வந்தோம். வேலை முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டோம். ஊர் கடற்கரை ஊர். எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். நான் அதில் கால் நனைத்ததில்லை. காலையில் காட்டுக்குப் போவேன், மாலையில் கரி படிந்த முகத்தோடு வருவேன்.

என் மனைவி அப்படி இல்லை. வந்த மறு வருடமே கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாள். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே கயிறுகள் ஓட்டி, ஒவ்வொரு கயிற்றிலும் கைப்பிடி அளவு பாசியைத் துண்டு துண்டாகக் கட்டி, கரையோரக் கடலில் மிதக்கவிடுவார்கள். ஒன்றரை மாதத்தில் ஒவ்வொரு துண்டும் புதர்போல ஆகிவிடும். அறுத்து, நல்ல துண்டுகளை அடுத்த விதைக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியை மணலில் காயப்போட்டு விற்பார்கள். குழுவில் ஐந்து பேர். என் மனைவியைத் தவிர மற்ற நால்வரும் அந்தக் கரையிலேயே பிறந்த மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள், மாதா கோவிலுக்குப் போகிறவர்கள்.

காட்டுக்குப் போகும் வழியில் சில நாள் கரையில் நின்று பார்ப்பேன். இடுப்பளவுத் தண்ணீரில் ஐந்து பேரும் நின்று கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்கும். வீட்டில் அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. அங்கே அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை. கேட்டதில்லை.

போன ஆனி மாதம் அவளுக்கு ராமநாதபுரத்தில் ஆபரேசன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது, கடலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் படுத்தபடியே சொன்னாள்.

"ஏங்க, குழுவுல ஒரு பேச்சு இருக்கு. ஒரு அறுப்பு முழுக்க ஆள் எறங்கலேன்னா எடத்த அடுத்தவுகளுக்குக் குடுத்துருவாக. மூணு பேர் காத்துக்கெடக்காக."

"மகள வரச் சொல்லுவமா?"

"அவ திருப்பூர்ல கைப்பிள்ளையோட இருக்கா. அவளா வந்து எறங்குவா?"

நான் வேட்டியில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"வீட்டு ஆள் யாராச்சும் எறங்கலாம்னு இருக்கு," என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டு ஆள் என்றால் நான்தான். நான் ஒத்துக்கொள்வேன் என்று அவள் நினைக்கவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கலியாணம் ஆனதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எதை முடிவு செய்வதானாலும் அவளைக் கேட்டவர்கள் இல்லை. குழுவில் மற்ற நால்வர் மட்டும், இன்று இறங்கலாமா, நாளை அறுக்கலாமா என்று அவளையும் கேட்டு முடிவு செய்தார்கள். அந்த இடம் போனால் அவளுக்கு என்ன போகும் என்பது எனக்குத் தெரியும். மூலையில் அவளுடைய கடல் உடுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் என் பழைய முழுக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு, தலைக்குக் கட்டும் துண்டு. மறுநாள் காலை அவள் கண் விழிக்குமுன் அந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கரைக்குப் போனேன்.

நால்வரும் இறங்கத் தயாராக நின்றார்கள். அவர்களில் ஒல்லியாக இருந்தவளை என் மனைவி வீட்டில் 'வாயாடி' என்றுதான் சொல்வாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஆத்தி, மதினி மீசை வச்சுக்கிட்டு வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழுத் தலைவியை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அகலமான உடம்பு, கனத்த குரல்.

"சும்மா இருங்கடி. அண்ணே, நீச்சல் தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"தெரியும்னு ஆட்டுறீகளா, தெரியாதுன்னு ஆட்டுறீகளா?"

"தெரியாது."

"சரி, இடுப்புக்கு மேல போகாதீக. போனாலும் கத்துவீகளான்னு சந்தேகமா இருக்கு."

கடலில் இறங்குவது எப்படி இருக்கும் என்று நான் நினைத்திருந்ததும் இறங்கியபோது இருந்ததும் வேறு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் மணல் வரிவரியாகக் கிடப்பதைப் பாதம் உணர்ந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் விரல் நீளக் குஞ்சு மீன்கள் வந்து, சூடு பட்டு வெடித்த என் குதிகாலைக் கொத்தின. இத்தனை நாள் வாசலுக்கு எதிரே கிடந்த ஒன்றுக்குள் இவ்வளவு நடந்துகொண்டிருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பதைப் பார்த்து வாயாடி, "கரிக்கார அண்ணன் எதையோ தொலச்சுட்டாரு," என்றாள். அன்றிலிருந்து நான் கரிக்கார அண்ணன்.

வேலையை யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் விரலைப் பார்த்துக் கட்டினேன். கரி மூட்டையின் வாயைக் கட்டிப் பழகிய கை. இழுத்து இறுக்கிவிட்டேன். பெரியக்கா வந்து கயிற்றைத் தூக்கிப் பார்த்தார்.

"கழுத்த நெரிச்சா எப்படிண்ணே வளரும்? முடிச்சு லேசா இருக்கணும். பாசி ஆடணும். ஆட ஆடத்தான் வளரும்."

அவிழ்த்துக் கட்டினேன். அதுவே எனக்குப் புதுச் செய்தி. ஆடினால் வேர் போய்விடும் என்று கம்பு நட்டுச் செடியைக் கட்டும் ஊர்க்காரன் நான். வேரே இல்லாத ஒரு பயிர், ஆட்டத்திலேயே வளர்கிறது. இது எதைத் தின்கிறது? எதைக் குடிக்கிறது? உப்பையா? கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் நான் இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். பேச்சு பழையபடி ஓடியது. பாதிப் பேச்சு புருசன்மாரைப் பற்றி. ஒருநாள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த பிறகு வாயாடி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீக. நீங்க மதுரையில எக்ஸ்ரேக்காரரு பின்னாடியே போன கதை எங்களுக்கு மனப்பாடம். மதினி சொன்னா இன்னும் நல்லாருக்கும். கதவச் சாத்துற எடத்துல அப்படியே செஞ்சு காட்டும்."

காது சுட்டது. கரையில் நின்று கேட்ட அந்தச் சிரிப்பெல்லாம் எதைப் பற்றி என்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னபோது தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வலிக்குதுங்க, சிரிக்க வைக்காதீக," என்றாள். நான் கோபப்படவில்லை. என்னை வைத்து இத்தனை பேர் இத்தனை நாள் சிரித்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி நடுவில் அறுப்பு வந்தது. எங்கள் மூங்கில் மிதவைகள் எல்லாவற்றையும் கரைக்கு இழுத்து அறுத்தோம். விதைக்கு எடுத்த துண்டுகளைத் தனியாகக் குவித்து ஈரச் சாக்குகளால் மூடி வைத்தோம். சாப்பிட்டுவிட்டு வந்து கட்டத் தொடங்குவதாகத் திட்டம். அந்த நேரத்தில் பெரியக்கா தெருவில் ஒரு சாவு. நால்வரும் உடனே போக வேண்டியதாகிவிட்டது.

"விதைய நனச்சுக்கிட்டே இருங்கண்ணே. காய விட்டுறாதீக. சாயங்காலம் வந்து கடல்ல போட்டு வைப்போம், விடிஞ்சு கட்டுவோம்," என்று பெரியக்கா சொல்லிவிட்டுப் போனார்.

எந்தத் தண்ணீரால் நனைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கரையில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடிக்காற்றும் வெயிலுமாக அரை மணி நேரத்தில் சாக்கு காய்ந்தது. பெண்கள் முன்பு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சாக்கின் மேல் ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். குடத்தைப் பார்த்தேனே தவிர, அது எங்கே மொண்டது என்று பார்க்கவில்லை. கண்ணுக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான்.

கடல் இருபது அடி தூரத்தில் இருந்தது. அதை மொண்டு ஊற்றலாமா என்று யோசிக்காமல் இல்லை. வாலிநோக்கத்து உப்பளத்தில் கடல் தண்ணீரை வெயிலில் விட்டால் என்ன ஆகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் போய்விடும், உப்பு உட்கார்ந்துவிடும். இந்த வெயிலில் விதையின் மேல் அதை ஊற்றினால் உப்புப் பொரிந்து விதை வெந்துவிடாதா? கடலுக்குள் இருக்கும்போது சரி. வெளியே வந்து வாடிக் கிடக்கும்போது? வாடிய நாற்றுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவன் எங்கள் பக்கத்தில் உண்டா?

கேட்டுவிடலாம் என்று சாவு வீட்டுப் பந்தல் வரைக்கும் போனேன். பெண்கள் உள்ளே வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே நாற்காலிகளில் ஆண்கள். பந்தல் ஓரத்துப் பனைமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒருவர், "வாங்க, உக்காருங்க," என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டார். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இந்தக் கரை ஊரில் குடிதண்ணீர் லாரியில் வரும். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய் நின்று பிடிக்க வேண்டும். அன்று காலைதான் பிடித்து வைத்திருந்தேன். ஆறு குடம். என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு குடத்தை அவளுக்கு வைத்துவிட்டு, ஐந்து குடங்களையும் வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தேன். வெயில் தாழும்வரை கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மூலை விடாமல் தெளித்தேன். சாக்கைத் தூக்கிப் பார்த்தால் பாசி பளபளவென்று இருந்தது. எனக்கு அவ்வளவு திருப்தி. எங்கள் சீமையில் ஒரு பயிருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது.

மாலையில் அவர்கள் வந்தார்கள். பெரியக்கா சாக்கைத் தூக்கினார். விரலால் ஒரு துண்டைத் தடவினார். கொஞ்சம் நின்று, அந்த விரலை நாக்கில் வைத்தார்.

"உப்பு இல்லையே," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எந்தத் தண்ணிண்ணே ஊத்துனீக?"

"நல்லதண்ணிதான்," என்றேன். நல்ல பதில் சொல்வதாகவே நினைத்தேன்.

வாயாடிகூடப் பேசவில்லை. அந்த மௌனத்தில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவசர அவசரமாக விதையை வலையில் அள்ளிக் கடலில் இறக்கினார்கள். நானும் அள்ளினேன். விடிந்து போய்ப் பார்த்தபோது பாசி நிறம் வெளுத்து, கையில் எடுத்தால் வழவழவென்று நழுவியது. ஐந்து பேருடைய விதையும்.

"நல்லதண்ணி பட்டா பாசி செத்துரும்ணே. மழை பேஞ்சாலே நாங்க பயப்படுவோம்," என்றார் பெரியக்கா. திட்டவில்லை.

மற்றொரு பெண்தான் சொன்னாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவளுக்கும் அதுதான் பிழைப்பு. "பொம்பள வேலைக்கு ஆம்பளய விட்டா இப்படித்தான். மதினி எடத்துக்கு வேற ஆளப் பாருங்கக்கா."

பெரியக்கா கடலைப் பார்த்தார். "ஒரு வாரம் பாப்பம். இப்பக் கட்டுனாத்தான் வாடைக்காத்துக்கு முன்னாடி ஒரு அறுப்பு எடுக்க முடியும். வெதை கெடச்சா கட்டுவோம், மதினி எடமும் இருக்கும். கெடைக்கலேன்னா நானும் ஒண்ணுஞ் சொல்ல ஏலாது."

எங்கள் கரையில் மற்ற குழுக்கள் எல்லாம் அப்போதுதான் கட்டி முடித்திருந்தன. யாரிடமும் விதை இல்லை. தங்கச்சிமடத்துப் பக்கம் ஒரு குழு மறுநாள் அறுக்கப்போவதாகத் தெரிந்தது. ஆனால் அந்தத் தலைவிக்கும் பெரியக்காவுக்கும் மிதவை போட்ட இடம் பற்றி ஏதோ பழைய சண்டை. இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

"அவ வாசல்ல நான் போய் நிக்க மாட்டேன்," என்றார் பெரியக்கா.

"நான் போறேன்," என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான்.

வாயாடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போய்? அங்கன யாரு பின்னாடி நடப்பீக?"

வீட்டில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து கேட்டாள். முகம் சுருங்கிப் போயிற்று. "யார்ட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல," என்றாள். அவ்வளவுதான். அந்தப் பழைய சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பிக் கடலைப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தங்கச்சிமடத்தில் இறங்கினதும் முதல் சிக்கல். பாசிக்காரர்கள் இருக்கும் கரை எது? தையல் கடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு தரம் கடையைக் கடந்து போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் அவரே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டார். கேட்டேன். கையைக் காட்டி வழி சொன்னார். சொல்லிவிட்டுத் தைக்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஐம்பது வருடமாக நான் பயந்தது இதற்குத்தானா என்று அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டேன்.

கரையில் யாரும் இல்லை. பெண்கள் தூரத்தில் தண்ணீருக்குள் இருந்தார்கள். கூப்பிட வேண்டும். "அக்கா," என்றேன். காற்று அதை எனக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டது. இன்னொரு தரம் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கத்துவதைவிட நடப்பது எனக்குச் சுலபம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு கடலுக்குள் நடந்தேன்.

பாதி வழியில் ஒரு குரல் வந்தது. "யாருய்யா அது? இது குளிக்கிற எடமில்ல."

"குளிக்க வரல."

"அப்ப?"

"வெதை கேட்டு வந்தேன்."

கைவேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பயந்த அதே திரும்பல்தான். தண்ணீர் மார்பு வரை இருந்தது, கால் நடுங்குவது யாருக்கும் தெரியவில்லை. எந்த ஊர், எந்தக் குழு என்று சொன்னேன். தலைவி என்று நான் நினைத்த அம்மாவின் முகம் மாறியது.

"அவ அனுப்புனாளா?"

"இல்ல. நாந்தான் கெடுத்தேன். நாந்தான் வந்திருக்கேன்."

"என்ன கெடுத்தீரு?"

பஸ்ஸில் தயார் செய்து வந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துவிட்டன. நடந்ததை நடந்தபடி சொன்னேன். சாவு வீடு, சாக்கு, வாலிநோக்கத்து உப்பு, லாரித் தண்ணீர், ஐந்து குடம்.

"இரும், இரும். என்ன தண்ணி ஊத்துனீரு?"

"நல்லதண்ணி."

ஒருத்தி மிதவையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். தலைவி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "எங்க ஊருல ஒரு கொடத்துக்கு மயிரப் புடிச்சு அடிச்சுக்கிறாக. இவரு அஞ்சு கொடத்தப் பாசிக்கு ஊத்தி, அதையும் கொன்னு போட்டு வந்திருக்காரு." தூரத்து மிதவையில் நின்றவர்களைக் கூப்பிட்டு, "ஏடி, இங்கன வந்து இதக் கேளுங்க," என்றார். அவர்கள் வந்த பிறகு இன்னொரு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொன்னபோது, நான் குடம் ஏற்றிய வண்டியைத் தள்ளிக் காட்டினேன் என்று நினைக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்தது.

எல்லாம் அடங்கியதும் தலைவி கேட்டார். "உமக்கு எதுக்குய்யா இந்தப் பாடு? கரி வேலைதான் இருக்குல்ல?"

"என் வீட்டம்மா எடம் போயிரும்," என்றேன்.

அவர் கையிலிருந்த கயிற்றின் முனையை என்னிடம் நீட்டினார். "இன்னைக்கு எங்களுக்கு ஒரு ஆள் கொறவு. அறுப்பு முடியிற வரைக்கும் நில்லும்," என்றார்.

நின்றேன். அன்று பகல் முழுவதும் நான் கேட்ட கேள்விகளை எண்ணியிருந்தால் நூறு இருக்கும். மூட்டையில் கொண்டுபோனால் எத்தனை நேரம் தாங்கும்? வெளுத்த துண்டை எப்படி அடையாளம் காண்பது? மீன் தின்னாதா? அடியில் வலை கட்டியிருப்பது அதற்குத்தானா? ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருத்தி பதில் சொன்னாள். சிலதுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைசியாக, ரொம்ப நாள் உள்ளே கிடந்ததையும் கேட்டேன்.

"பாசி உப்புத் தண்ணியக் குடிக்குமா?"

"அத யாரு கண்டா? பாசிட்டத்தான் கேக்கணும்," என்றார் தலைவி. "உம்ம வாய் தொறந்தா மூடாது போலயே."

என் வாழ்க்கையில் அப்படி ஒருவர் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எட்டு மூட்டை விதை கொடுத்தார். "ஒங்க பெரியக்காட்ட சொல்லும், இது அவளுக்குக் குடுக்கல, ஒம்ம வீட்டம்மாவுக்குக் குடுத்தது. எங்களுக்குக் கெட்டுப்போனா நாங்களும் வருவோம்." பஸ்ஸில் ஈர மூட்டையை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். மீன் ஏற்றிப் போகும் லோடு ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், மண்டபம் வழியாகப் போகிறீர்களா என்று கேட்டேன். இந்த முறை கடையைச் சுற்றி நடக்கவில்லை. இரண்டு கேனில் கடல் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்து, வழியெல்லாம் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

இறக்கியபோது நால்வரும் கரையில் நின்றார்கள். பெரியக்கா ஒரு துண்டை எடுத்து, தடவி, விரலை நாக்கில் வைத்தார். "உப்பு இருக்கு," என்றார். பிறகு தங்கச்சிமடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாக, "எப்படி இருக்கா அவ?" என்று கேட்டார். நான் சொன்னேன். இருட்டுமுன் பாதி மிதவைகளுக்குக் கட்டிவிட்டோம். மீதியை மறுநாள் கட்டினோம். என் மனைவி கரை வரைக்கும் மெல்ல நடந்து வந்து, மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

புரட்டாசி தொடக்கத்தில் அந்த விதை அறுப்புக்கு வந்தபோது டாக்டர் அவளை இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். காலையில் அவள் அந்தச் சட்டையை என்னிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டாள். தோள் பக்கம் கொஞ்சம் கிழித்து வைத்திருக்கிறீர்கள் என்றாள். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருந்தது. கரையில் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன். ஐந்து பேரும் தண்ணீரில் நின்றார்கள்.

என் மனைவி என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை.

"என்ன?" என்று கத்தினேன்.

ஐந்து பேரும் திரும்பினார்கள். தூரத்துப் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பினார். என்னிடமிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

"மத்தியானத்துக்குச் சோத்துல தண்ணி ஊத்தி எடுத்துக்கிட்டீகளா?" என்று அவளும் கத்தினாள்.

"எந்தத் தண்ணின்னு கேளுங்க மதினி," என்றாள் வாயாடி.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, கையை வாய்க்கு இரண்டு பக்கமும் குவித்து வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நல்லதண்ணிதான்."